‘முடிவு செய்துவிட்டு வா’ என்ற கல்லூரிக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

இந்தப் பருவம் தொடங்கிய கையோடு நீங்கள் வெளியிட்ட சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள பாலினத்துக்கு ஏற்றபடிதான் உடையும் முடியும் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். ‘வேறு பாலினம்’ என்று சொல்பவர்கள் மனநல மருத்துவரின் சான்று, மாவட்ட ஆட்சியர் தரும் திருநர் சான்று, பெற்றோரின் ஒப்புதல் கடிதம் மூன்றையும் ஒரு மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஒருமுறை தெரிவித்த பாலினத்தைப் படிப்பு முடியும்வரை மாற்ற அனுமதி இல்லை. இதற்கு உட்படாதவர்கள் இன்டர்னல் தேர்வு எழுத முடியாது.

‘மாற்ற அனுமதி இல்லை’ என்ற வரி, பாலினம் ஓரிடத்தில் நிற்காத என்னைப் போன்றவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. இந்தக் கல்லூரியில் அப்படி எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ தெரியாது. நீங்கள் நினைப்பதைவிட அதிகம் பேர் இருக்கிறோம்.

முதலில் துறைத்தலைவர் வழியாக மனுவாகத்தான் கொடுத்தேன். பதில் வரவில்லை. நேரில் கேட்கப் போனபோது அலுவலகத்தில் ஒருவர், “முதல்ல நீ ஆணா பொண்ணான்னு ஒரு முடிவு பண்ணிட்டு வாம்மா, அப்புறம் பேசலாம்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் சுற்றறிக்கை முழுவதும் சொல்வதும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான். அதனால் அதற்கே இங்கே பதில் சொல்கிறேன். கல்லூரியின் பெயரை எழுதவில்லை. என்னோடு படிப்பவர்கள் வேலைக்கான நேர்காணல்களுக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரம் இது, அவர்களுக்கு இதனால் ஒரு தொல்லையும் வரக் கூடாது.

நான் எதையும் முடிவு செய்யாமல் இழுத்தடிக்கவில்லை. என்னைப் பற்றி எனக்குத் தெளிவாகவே தெரியும். என் பாலினம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஜெண்டர் ஃப்ளூயிட் என்று பிள்ளைகள் பேச்சில் சொல்வதும் பாலின நெகிழ்வு என்று கட்டுரைகளில் எழுதுவதும் இதைத்தான்.

பிறந்தபோது பெண் என்று பதிந்தார்கள். அந்தப் பதிவு எனக்கு முழுக்கப் பொய்யும் இல்லை. மாதக்கணக்கில் பெண்ணாகவே நிம்மதியாக இருந்திருக்கிறேன். முடி நீளமாக இருந்த காலத்தில் அம்மாவின் சுங்குடிப் புடவையைக் கட்டி, மல்லிகை வைத்துக்கொண்டு தெருவில் நடந்தபோது எந்த உறுத்தலும் இருந்ததில்லை. அப்புறம் வேறொரு காலம் வரும். ‘அக்கா’ என்று யாராவது கூப்பிட்டால் பின்னால் நிற்கிற யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும். துப்பட்டாவை எடுத்துப் போடும்போதே கை தயங்கும். அந்த நாட்களில் சட்டையும் பேன்ட்டும் போட்டால்தான் வகுப்பில் பாடம் காதில் விழும். ஆண் என்றும் பெண் என்றும் இரண்டுமே ஒட்டாத நாட்களும் உண்டு. இது காலையில் எழுந்து இன்றைக்கு எது என்று தேர்ந்தெடுக்கும் விஷயமில்லை. வரவழைக்கவும் முடியாது, போகச் சொல்லவும் முடியாது. சிறுவயதிலிருந்தே இப்படித்தான் இருந்தேன். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது மட்டும் கல்லூரிக்கு வந்த பிறகு தெரிந்தது.

உடை இதில் ஒரு பகுதிதான். இப்போது என் முடி குட்டை. புடவை கட்டும் நாளிலும் அதே குட்டை முடிதான். சட்டை போட்ட நாளில் நான் பெண்ணாக உணர்வதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்து இன்றைக்கு இவர் என்ன என்று யாராலும் சொல்லிவிட முடியாது, என் அம்மாவாலும் முடியாது. ஆகவே உடையைக் கட்டுப்படுத்தினால் உள்ளே இருப்பது சரியாகிவிடும் என்ற கணக்கு தொடக்கத்திலேயே தப்பு.

சுற்றறிக்கை பல பேரை ஒரே பையில் போட்டிருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். திருநங்கையும் திருநம்பியும் தங்கள் பாலினத்தை உறுதியாக அறிந்தவர்கள். பிறப்பில் எழுதப்பட்டதுதான் அவர்களுக்குத் தவறு. இடைப்பால் உடலோடு பிறந்தவர்களின் விஷயம் உடற்கூறு சார்ந்தது. யார் மேல் காதல் வருகிறது என்பது இன்னொரு தனிக் கேள்வி, அதற்கும் நான் இங்கே எழுதுவதற்கும் தொடர்பில்லை. என்னைப் போன்றவர்கள் ஆண், பெண் என்ற இரண்டுக்கும் இடையிலும் வெளியிலுமாக வாழ்கிறோம். எங்களிடம் நிலையான ஒரு பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த மாதமே அது பொய்யாகிவிடலாம். உங்கள் கோப்புக்காக எங்களைப் பொய் சொல்ல வைக்கிறீர்கள்.

மனநல மருத்துவரின் சான்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அந்த வழியெல்லாம் போய் வந்தாயிற்று. என் அம்மா வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறார். பள்ளி முடிக்கும் சமயத்தில் நான் அவரிடம் சொன்னபோது முதலில் அழுதார். பிறகு திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். அந்த மருத்துவர் என்னோடு நீண்ட நேரம் பேசிவிட்டு அம்மாவை உள்ளே அழைத்து, “இது நோய் இல்லைங்க, மருந்து எழுத ஒண்ணுமில்ல. பிள்ளை தூங்குதா, சாப்பிடுதா, படிக்குதான்னு மட்டும் பாருங்க” என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. சில வாரங்கள் கழித்து எனக்கு அளவெடுத்து ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். காலர் மட்டும் எனக்குப் பிடித்த மாதிரி இல்லை, ஆனாலும் இன்றுவரை அதைப் போடுகிறேன்.

அந்த மருத்துவர் சொன்னது அவருடைய சொந்தக் கருத்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில், பாலின அடையாளம் சார்ந்தவற்றை மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஒருவருடைய பாலின அடையாளத்தை ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சிகிச்சை தருவது மருத்துவ ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. அப்படியிருக்க, நல்ல மருத்துவர் எவரும் நீங்கள் கேட்கும் சான்றை எந்த நோயின் பெயரில் எழுதித் தருவார்? எழுதித் தருகிறேன் என்று வருகிறவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு முதலாண்டுப் பிள்ளையை, கல்லூரிக்குச் சான்று வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக, அப்படிப்பட்ட ஒருவரின் முன்னால் உட்கார வைக்கப்போகிறீர்கள்.

பெற்றோர் கடிதம் என்ற நிபந்தனை இதைவிட ஆபத்தானது. என் அம்மாவால் கையெழுத்துப் போட முடிகிறது. எல்லார் வீடும் அப்படியா? வீட்டில் தெரிந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசிவிடுவார்கள் என்று அஞ்சுகிற பெண் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சுகிற பையன்களையும் தெரியும். அவர்களை அவர்கள் பெற்றோரிடம் காட்டிக்கொடுக்கும் வேலையைக் கல்லூரி செய்யக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பியவர்களிடம் இதற்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்பதற்கு என்ன நியாயம் என்பதும் எனக்குப் புரியவில்லை.

இந்தச் சுற்றறிக்கைக்கு முன்பும் இங்கே எல்லாம் சுமுகமாக இருந்துவிடவில்லை. அன்றாடம் எப்படிப் போகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டை போட்ட நாளில் பெண்கள் கழிவறைக்குள் போனால் உள்ளே இருப்பவர்கள் திடுக்கிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆண்கள் கழிவறைக்குப் போகும் துணிச்சல் எனக்கு இல்லை. அதனால் அந்த நாட்களில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். சென்னை வெயிலில் மாடி வகுப்பறையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து பாருங்கள். சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலோடு படுத்திருக்கிறேன். மருத்துவர் “தண்ணி நிறையக் குடிங்க” என்று சொல்லும்போது என்ன பதில் சொல்வது? என்னோடு பேசிய மற்றவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் மெட்ரோ நிலையத்துக்கு ஓடுகிறவர் ஒருவர். மதியமே வீட்டுக்குப் போய்விட்டு வருகைப் பதிவில் அடி வாங்குகிறவர் இன்னொருவர்.

நமது தரைத்தளத்தில் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கென்று கட்டிய கழிவறை ஒன்று இருக்கிறது. தனி அறை, உள்தாழ்ப்பாள், அகலமான கதவு. அதில் துடைப்பங்களும் உடைந்த பெஞ்சுகளும் கிடக்கின்றன. வெளியே பூட்டு. அதைத் திறந்துவிட ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்க வேண்டாம். அது யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்த மாணவர்களும் இன்று அதைப் பயன்படுத்த முடியாமல்தான் இருக்கிறார்கள்.

தேர்வு அறையில் வேறு தொல்லை. ஹால் டிக்கெட்டில் நீள முடியோடு இருக்கும் படம். எதிரில் குட்டை முடியோடு நான். மேற்பார்வையாளர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, இன்னொருவரை அழைத்து, அவர் இன்னொருவரை அழைத்து, ஆள்மாறாட்டமா என்று எல்லார் முன்னிலையிலும் விசாரித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் இரண்டாம் பக்கம் போய்விடுவார்கள். பதிவெண்ணும் கையெழுத்தும் ஒத்துப்போகின்றன. அது போதாதா?

நகரத்தில் மற்ற இடங்களில் இப்படி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஏதோ ஒரு வழி பிறக்கிறது. முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு பூசிய மாநகரப் பேருந்தில் ஏறினால், புடவை கட்டிய நாளில் நடத்துநர் கேட்காமலே கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துத் தருவார். சட்டை போட்ட நாளில் “எங்க தம்பி?” என்பார், நான் வாயைத் திறந்ததும் குழம்புவார். நான் காசை நீட்டிவிடுவேன். ஒருமுறை ஒரு நடத்துநர் அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்து, “யாரா இருந்தா என்ன, உள்ள போய் நில்லு, படியில நிக்காத” என்றார். விடியல் பயணத் திட்டத்தில் திருநரையும் அரசு சேர்த்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். அவருக்கு நான் படியில் தொங்காமல் பத்திரமாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

மாலையில் நான் கணக்கெழுதப் போகும் கடையின் அண்ணாச்சியும் அப்படித்தான். சேர்ந்த புதிதில் என்னை மேலும் கீழும் பார்த்தார். மாதக் கடைசியில் கணக்கு பைசா சுத்தமாக வந்தது. அதன்பிறகு அவர் பார்ப்பதெல்லாம் பேரேட்டைத்தான். ‘மதி’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எனக்கு அது போதும். வணிகவியல் முதுகலை நடத்தும் ஒரு கல்லூரிக்கு இது இத்தனை கடினமாக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பெண் மாணவிகளின் பாதுகாப்பு என்பீர்கள். அது உண்மையான கவலை. புறநகர் ரயிலில் கைவரிசை காட்டுகிறவர்களிடம் நானும் சிக்கியிருக்கிறேன். ஆனால் அவர்களுக்குப் பாதுகாப்பு தருவது விளக்கெரியும் நடைவழியும், ஒழுங்காக இயங்கும் உள்ளக புகார்க் குழுவும், புகார் கொடுத்தவரைக் கேள்வி கேட்டுத் துன்புறுத்தாத விசாரணையும்தான். நான் சட்டை போட்டுவந்து கடைசி வரிசையில் உட்காருவதால் யாருக்கு என்ன ஆபத்து?

நாளைக்கு எல்லாரும் இப்படிச் சொல்லிக்கொண்டு வருவார்கள் என்பீர்கள். இதைச் சொல்வதால் கட்டணச் சலுகை கிடையாது, மதிப்பெண் கிடையாது. கிடைப்பது முதுகுக்குப் பின்னால் சிரிப்பும், அலைபேசியில் திருட்டுத்தனமாக எடுத்த படங்களும். விளையாட்டுக்காக இதை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ஒழுக்கம், சீருடைத் தோற்றம் என்பீர்கள். கார்த்திகை மாதத்தில் சபரிமலைக்கு மாலை போட்ட மாணவர்கள் கறுப்பு வேட்டியோடும் தாடியோடும் வகுப்புக்கு வருகிறார்கள். பழநிக்கு முடி வேண்டிக்கொண்டவர்கள் மாதக்கணக்கில் வெட்டாமல் இருக்கிறார்கள். நீங்கள் அனுமதிக்கிறீர்கள், அனுமதிக்கத்தான் வேண்டும். ஒரு மனிதரின் உள்ளே இருக்கும் முக்கியமான ஒன்றுக்காக உடை விதியைத் தளர்த்தலாம் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். அதே தளர்வைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

பதிவேடு என்று வரும்போது எனக்குப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் நினைவுக்கு வருகிறது. கோடையில் தரை, மழைக்காலத்தில் நீர். அரசுப் பதிவேட்டில் நெடுங்காலம் அது தரிசு. தரிசுதானே என்று குப்பை கொட்டினோம், கட்டடம் எழுப்பினோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகுதான் அது இந்த நகரத்துக்காக என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பலருக்கும் உறைத்தது. 2022-இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது மிச்சமிருந்தது ஒரு பகுதிதான். பதிவேட்டின் கட்டத்துக்குள் அடங்காத எதையும் பாழ் என்று எழுதிவிடுவது நம் பழக்கம். மாணவர்களிடம் அதைச் செய்யாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை உங்கள் வழக்கறிஞர் என்னைவிட நன்றாகச் சொல்வார். ஆனாலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், ஏனென்றால் சுற்றறிக்கையைத் தயாரித்தவர்கள் இவற்றைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த நல்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே அடையாளம் காணும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. அதற்கு அறுவைச் சிகிச்சையைக் கட்டாயமாக்குவது சட்டவிரோதம் என்றது. தன் பாலினத்தை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு தரும் கருத்துரிமைக்குள் அடங்கும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அந்த உரிமையைத்தான் உங்கள் சுற்றறிக்கையின் முதல் வரி மறுக்கிறது.

2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய திருநர் பாதுகாப்புச் சட்டத்தில் பல குறைகள் இருப்பதாகத் திருநர் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. எனக்கும் அதில் உடன்பாடுதான். ஆனால் அந்தச் சட்டமே திருநர் என்பதன் விளக்கத்தில் திருநங்கை, திருநம்பி, இடைப்பாலினர் ஆகியோரோடு, ஆண் பெண் என்ற வரையறைக்குள் அடங்காத ஜெண்டர்குயர் என்பவர்களையும் 2019-இல் இயற்றப்பட்டபோதே சேர்த்திருந்தது. கல்வி நிறுவனங்கள் அவர்களுக்கு இடம் மறுப்பதையும், படிப்பை நிறுத்துவதையும், பாகுபாட்டோடு நடத்துவதையும் தடை செய்கிறது. ஆட்சியரின் சான்றுக்கு மருத்துவப் பரிசோதனை தேவையில்லை என்று 2020-இல் வந்த விதிகள் சொல்லின. அந்த விதிகள் கேட்காத மருத்துவச் சான்றை நீங்கள் கேட்கிறீர்கள்.

அந்தச் சான்றை நான் வாங்குவதா வேண்டாமா என்பது என் தீர்மானம். திருநங்கையரும் திருநம்பியரும் தெருவில் நின்று போராடிப் பெற்றது அது. அவர்களில் பலர் அதைக் கையில் வாங்குவதற்கே படாத பாடு படுகிறார்கள். வாங்கினால் ஆதார், வங்கிக் கணக்கு, மதிப்பெண் பட்டியல் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கும். வாடகை வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது என்பது வரை யோசிக்க வேண்டும். அது ஒருவருக்கான உரிமை. வகுப்பில் உட்காருவதற்கான நுழைவுச்சீட்டாக அதை மாற்ற உங்களுக்கு அதிகாரமில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2016-இல் தன் ராகிங் தடுப்பு விதிகளைத் திருத்தி, பாலினத்தையோ பாலீர்ப்பையோ தோற்றத்தையோ காட்டி ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் ராகிங்தான் என்று சேர்த்தது. வாயிலில் நிறுத்தி முடியைப் பற்றிக் கேலி பேசுவதை நம் பாதுகாவலர்களே செய்யும்போது அதற்கு வேறென்ன பெயர்?

இன்னொன்றை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உத்தரவு பிறப்பித்தார். ஒருவரையொருவர் காதலித்து, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு அது. தனக்கு இந்த விஷயத்தில் முன்முடிவுகள் இருக்கின்றன என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பாலினத்திலோ காதலிலோ வழக்கமான வரையறைக்குள் அடங்காத பால்புதுமையரையும் அவர்களுடைய பெற்றோரையும் சந்தித்தார். பிறகுதான் உத்தரவை எழுதினார். பள்ளி, கல்லூரிகளில் பாலினப் பொதுக் கழிவறைகள், கல்விச் சான்றுகளில் பெயரையும் பாலினத்தையும் மாற்றிக்கொள்ளும் வசதி, விண்ணப்பங்களில் ஆண் பெண் தவிர்த்த கட்டம், இவர்களைப் புரிந்துகொண்ட ஆலோசகர்கள் ஆகியவை வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான்கு வருடமாகிறது. நம் கல்லூரியில் இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. இந்த ஜூலை இறுதியில் மாநில அரசு திருநருக்கான கொள்கையையும் வெளியிட்டது. அடுத்த சில வாரங்களில் நீங்கள் இந்தச் சுற்றறிக்கையை வெளியிட்டீர்கள்.

ஒரு நீதியரசர் தெரியவில்லை என்று சொல்லிக் கற்றுக்கொண்டதில் அவருடைய மதிப்பு குறைந்துவிடவில்லை. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்ததே அதனால்தான். உங்களிடமும் அதை எதிர்பார்க்கிறேன். உங்களில் பலர் நல்ல ஆசிரியர்கள். காஸ்ட் அக்கவுன்டிங் புரியவில்லை என்று வந்தவளுக்கு, வந்தவனுக்கு, சாயங்காலம் வரை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்கள். எங்களைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் எங்களில் ஒருவரைக்கூட அழைத்துக் கேட்காததுதான் என்னால் தாங்கிக்கொள்ள முடியாதது.

இப்போது நான் கேட்பவை.

சுற்றறிக்கையை முழுமையாகத் திரும்பப் பெறுங்கள். ‘தற்காலிகமாக நிறுத்திவைக்கிறோம்’ என்று வாய்மொழியாகச் சொல்வது போதாது. எந்த அறிவிப்புப் பலகையில் ஒட்டினீர்களோ அதே பலகையில், திரும்பப் பெற்றதாக எழுத்தில் ஒட்டுங்கள். பாலின அடையாளத்துக்காக மருத்துவச் சான்றோ பெற்றோர் கடிதமோ எந்த மாணவரிடமும் இனி கேட்பதில்லை என்றும் அதில் இருக்கட்டும். ஏற்கெனவே யாராவது பயந்துபோய்க் கொடுத்திருந்தால் அந்தத் தாள்களை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கோப்பில் வைக்காதீர்கள்.

உடை விதி வேண்டும் என்றால் எல்லாருக்கும் பொதுவாக எழுதுங்கள். சுத்தமாக, கண்ணியமாக, ஆய்வகத்தில் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று எழுதினால் நாங்கள் அனைவரும் அதைப் பின்பற்றுவோம். ஆணுக்கு இது, பெண்ணுக்கு அது என்ற இரண்டு பட்டியல் வேண்டாம்.

தரைத்தளக் கழிவறையை இந்த வாரமே காலி செய்து திறந்துவிடுங்கள். சக்கர நாற்காலி மாணவர்களுக்கு முன்னுரிமை, மற்ற யாரும் பயன்படுத்தலாம் என்று கதவில் எழுதினால் போதும். மாடிகளிலும் தளத்துக்கு ஒன்று வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும் என்பது தெரியும், எப்போது என்று ஒரு தேதி சொல்லுங்கள்.

தேர்வு அறையில் அடையாளத்தைப் பதிவெண்ணாலும் கையெழுத்தாலும் சரிபாருங்கள். சந்தேகம் இருந்தால் தேர்வு முடிந்த பிறகு தனியாக அழைத்துக் கேளுங்கள். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது, வேண்டும் என்று கேட்பவர்களை அவர்கள் சொல்லும் பெயரில் கூப்பிடுங்கள். பருவத்துக்கு ஒருமுறை அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கட்டும்.

ஆசிரியர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் வாயிற்காவலர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள். சென்னையில் இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் பால்புதுமையர் அமைப்புகள் இருக்கின்றன, அழைத்தால் வருவார்கள். சுற்றறிக்கையை எழுதியவர்களும் அந்தப் பயிற்சியில் உட்கார வேண்டும். இனி இது தொடர்பாக எந்த விதி எழுதினாலும் எழுதும் குழுவில் எங்களில் இருவராவது இருக்க வேண்டும்.

கடைசியாக, முதலாண்டு மாணவர் ஒருவர். கண்ணுக்கு மை தீட்டி, முடியைத் தோள்வரை வளர்த்து, ஃப்ரெஷர்ஸ் விழாவில் அத்தனை அழகாகப் பாடியவர். சுற்றறிக்கை வந்த வாரத்தில் வாயிலில் நிறுத்தி முடிவெட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அன்று போனவர் இன்னும் வகுப்புக்கு வரவில்லை. அவர் யார் என்பது துறைக்குத் தெரியும். அவருடைய வீட்டில் யாருக்கும் எதையும் சொல்லாமல், அவருடைய அலைபேசிக்கே முதல்வர் அவர்கள் நேரடியாக அழைத்து, இப்போது இருக்கிறபடியே வகுப்புக்கு வரலாம் என்று சொல்ல வேண்டும். அவர் வராமல் இருந்த நாட்களை வருகைப் பதிவில் கழிக்கக் கூடாது. தவறவிட்ட இன்டர்னல் தேர்வை எழுத அவருக்கு இன்னொரு நாள் தர வேண்டும்.

இவற்றுக்கான பதிலை இம்மாத இறுதிக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். பேச அழைத்தால் எந்த நாளும் வருகிறேன்.

இப்படிக்கு,
மதி
முதுகலை வணிகவியல், இரண்டாம் ஆண்டு